ஈரப் புல்லில் இறங்கும் விமானம்

- மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்



"மலருக்கு ஏதாவது டெக்னிக்கலா எழுதுப்பா, ஆனா படிக்கிறவனுக்குத் தூக்கம் வரக் கூடாது" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே கட்டுரையில் நிறைவேற்றுவது சிரமம்தான். இருந்தாலும் முயன்று பார்க்கிறேன். சிறு வயதிலிருந்தே எனக்கு விமானம் என்றால் பைத்தியம். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். அப்படிப் படித்ததில் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்த விஷயம் ஜெட் எஞ்சினும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. மழையில் நனைந்த புல் தரையில் ஒரு குட்டி விமானம் எப்படி நிற்கிறது என்பதுதான்!

"இதுல என்னடா இருக்கு? பிரேக் போட்டா நிக்கப் போகுது" என்றான் என் ரூம்மேட். மழை பெய்து ஓய்ந்ததும் ஹாஸ்டல் கிரவுண்டில் வேகமாகச் சைக்கிள் ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அவன் கேள்விக்கு விடை தெரியும். சைக்கிள் வழுக்கினால் முட்டி தேயும், அவ்வளவே. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், முக்கால் டன் எடையுள்ள விமானம் வழுக்கினால்? ஓடுதளத்தின் முடிவில் வேலியோ, பள்ளமோ, மரமோ இருந்தால்? அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

புல்லில் விமானமா?

விமான ஓடுதளம் என்றதும் நம் கண் முன்னே வருவது மீனம்பாக்கத்துத் தார்ச்சாலை போன்ற நீண்ட பாதைதான். ஆனால் விமானம் பிறந்து வளர்ந்ததே புல்லில்தான். ஆரம்ப கால விமான நிலையங்களில் ஓடுதளம் என்று தனியாக ஒன்று கிடையாது. பெரிய புல்வெளி ஒன்று இருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம் பார்த்து இறங்குவார்கள். அந்தக் கால விமானங்கள் பலவற்றில் சக்கரப் பிரேக்கே இல்லை. வால் பகுதியில் ஒரு கட்டை இருக்கும். அது புல்லைக் கீறிக்கொண்டே போய் விமானத்தை நிறுத்தும். ஏர் உழுவது போலத்தான்!

இன்றைக்கும் இங்கிலாந்தில் புல் ஓடுதளங்கள் ஏராளம். லண்டனுக்கு மேற்கே வைட் வால்தம் என்ற விமான நிலையம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, தொழிற்சாலையிலிருந்து போர் விமானங்களை ஓட்டிச் சென்று படைத்தளங்களில் ஒப்படைத்த 'ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரி' அமைப்பின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. அங்கே ஓடுதளங்கள் எல்லாமே புல். பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் ஓல்டு வார்டன் என்ற ஊரில் ஷட்டில்வொர்த் பழம் விமானச் சேகரிப்பு இருக்கிறது. அங்கும் புல் தரைதான். இவை தவிர, விவசாயிகள் தங்கள் வயல் ஓரத்தில் வெட்டி வைத்திருக்கும் சின்னச் சின்ன ஓடுதளங்கள் நிறைய. தார் போடவும் கான்கிரீட் போடவும் ஆகும் செலவு இல்லை. புல்லை வெட்டினால் போதும். டயரும் அவ்வளவாகத் தேயாது.

எல்லாம் சரி, இங்கிலாந்தில் மழைக்குப் பஞ்சமில்லையே! மழை இல்லாத நாளிலும் காலையில் பனித்துளி இருக்கும். ஆக, ஈரப் புல் என்பது அங்கே விதிவிலக்கு அல்ல, அன்றாட விஷயம். அந்த நாட்டு விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு மாதந்தோறும் வெளியிடும் அறிக்கைத் தொகுப்பில், ஈரப் புல்லில் நிற்காமல் ஓடி வேலியில் போய் முட்டிய சிறு விமானங்களின் கதை திரும்பத் திரும்ப வருவதில் ஆச்சரியமில்லை.

கையேடு சொல்லும் 366 மீட்டர்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். செஸ்னா 152. அமெரிக்காவில் 1977 முதல் 1985 வரை தயாரான இரண்டு இருக்கை விமானம். உலகம் முழுவதும் விமானம் ஓட்டக் கற்றவர்களில் எத்தனையோ பேருக்கு இதுதான் 'முதல் சைக்கிள்'. முழு எடை 757 கிலோ.

இதன் கையேட்டில் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஓடுதளத்தின் வாசலில் 50 அடி உயரத்தில் ஒரு தடை இருப்பதாக வைத்துக்கொண்டு, அதைத் தாண்டி இறங்கி முழுவதுமாக நிற்க 1200 அடி வேண்டும். அதாவது சுமார் 366 மீட்டர். இதில் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு ஓடும் தூரம் 475 அடி, சுமார் 145 மீட்டர்தான். மீதி 221 மீட்டர் விமானம் இன்னும் காற்றில் இருக்கும்போதே போய்விடுகிறது! இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

"அப்போ 400 மீட்டர் புல்வெளி இருந்தால் போதும், இறங்கிவிடலாம்!" என்று துள்ளாதீர்கள். அந்த 366 மீட்டருக்குக் கீழே சில நிபந்தனைகள் இருக்கின்றன. கடல் மட்டம். சாதாரண வெப்பநிலை. காற்று இல்லை. சமதளம். தார் அல்லது கான்கிரீட் போட்ட தரை. அதுவும் உலர்ந்த தரை. 50 அடி உயரத்தில் வேகம் சரியாக 54 நாட், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். விமானமும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், ஓட்டுபவரும் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும்.

நம்ம லேபில் புது மெஷினில், புது டூலில், சார் பக்கத்தில் நிற்கும்போது எடுத்த ரீடிங் மாதிரிதான் இது. பொய்யில்லை. ஆனால் அது அந்த நாளுக்கு, அந்த நிலைமைக்கு மட்டும் உண்மை.

ஈரம் என்ன செய்கிறது?

முதலாம் ஆண்டு அப்ளைடு மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? நிறுத்தும் விசை என்பது உராய்வுக் கெழுவை எடையால் பெருக்கி வருவது. இதை நியூட்டன் விதியில் போட்டால் எடை அடிபட்டுப் போய், நிற்கும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, இருமடங்கு உராய்வுக் கெழுவாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் வரும் என்று கிடைக்கும்.

விமானம் 45 நாட் வேகத்தில் தரையைத் தொடுவதாக வைத்துக்கொள்வோம். அதாவது வினாடிக்குச் சுமார் 23 மீட்டர். காற்றின் தடை, இறக்கையின் தூக்கு விசை எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடுவோம். உராய்வுக் கெழு 0.4 என்றால் நிற்க 68 மீட்டர். 0.2 என்றால் 137 மீட்டர். 0.1 என்றால் 273 மீட்டர். உராய்வு பாதியானால் தூரம் இரட்டிப்பாகிறது. இதில் எந்த மர்மமும் இல்லை.

புல்லில் ஏன் உராய்வு குறைகிறது? டயர் உண்மையில் மண்ணைப் பிடிப்பதில்லை. இடையில் புல் இருக்கிறது. டயர் ஏறியதும் புல் மடங்கிப் படுத்துக்கொள்கிறது. நசுங்கிய புல்லின் சாறும், மேலே இருக்கும் நீரும் சேர்ந்து ஆயில் போட்ட பேரிங் மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கிவிடுகின்றன. நமக்குப் பேரிங்கில் அது வரம். ஓடுதளத்திலோ அதுவே சாபம்!

இங்கே ஒரு வேடிக்கையான விஷயம் உண்டு. நீளமான புல்தான் ஆபத்து, ஒட்ட வெட்டிய புல் நல்லது என்றுதான் நாம் நினைப்போம். மேலே கிளம்புவதற்கு அது சரி. இறங்குவதற்கு அப்படியே தலைகீழ்! நீளமான புல்லும் மென்மையான மண்ணும் சக்கரத்தைப் பின்னால் இழுக்கும். பிரேக் பிடிக்காவிட்டாலும் அந்த இழுப்பு கொஞ்சம் உதவும். கெட்டியான தரையில், மிகக் குட்டையாக வெட்டிய புல் நனைந்திருந்தால் அந்த இழுப்பும் இல்லை, பிரேக்குக்குப் பிடிப்பும் இல்லை. பார்வைக்கு கிரிக்கெட் மைதானம் மாதிரி அழகாக இருக்கும். சோப்புப் போட்ட தரை மாதிரி வழுக்கும்.

பிரேக் எப்போது பிடிக்கும்?

மேலே உள்ள கணக்கில் இறக்கையை மறந்துவிட்டோம் அல்லவா? இப்போது அதைச் சேர்ப்போம். காருக்கும் விமானத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். காரின் எடை எப்போதும் சக்கரத்தின் மேல் இருக்கும். விமானம் தரையைத் தொட்ட அந்த நொடியில் அதன் எடையில் பெரும்பகுதியை இன்னும் இறக்கைகளே தாங்கிக்கொண்டிருக்கும். சக்கரம் தரையைத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். அழுத்தவில்லை.

தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் தூக்கு விசை கால் பங்காகிவிடும். ஆகவே வேகம் குறையக் குறையத்தான் எடை சக்கரத்துக்கு இறங்கும். அதற்கு முன்பே பதறிப்போய் பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும்? எடை இல்லாத சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்ட சக்கரம் உருளாது, சறுக்கும். சறுக்கும்போது உள்ள உராய்வு, உருளும் சக்கரம் தரையைப் பிடித்திருக்கும்போது கிடைக்கும் உராய்வைவிடக் குறைவு என்பது நமக்குப் பாடம். போதாக்குறைக்கு, பூட்டிய டயர் புல்லைப் பிய்த்துச் சேறாக்கி, அந்தச் சேற்றின் மேலேயே சறுக்கும். பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் சக்தியும் போய்விடும். பக்கக் காற்று அடித்தால் விமானம் ஓடுதளத்தை விட்டே விலகும்.

இந்த நிலையில் செய்ய வேண்டியது மனித இயல்புக்கு நேர் எதிரானது. வேலி நெருங்கி வருகிறது, கால் இன்னும் அழுத்தத் துடிக்கிறது. ஆனால் பிரேக்கை விட வேண்டும்! சக்கரம் மறுபடி உருள ஆரம்பித்ததும் மெதுவாக அழுத்த வேண்டும். செஸ்னா கையேடும், குறுகிய இடத்தில் இறங்கும்போது ஃபிளாப்பை மேலே ஏற்றி, கன்ட்ரோலை முழுக்கப் பின்னால் இழுத்து, டயர் சறுக்காத அளவுக்குப் பிரேக் பிடிக்கச் சொல்கிறது. ஃபிளாப்பை ஏற்றினால் தூக்கு விசை குறைந்து எடை சக்கரத்துக்கு வரும். கன்ட்ரோலைப் பின்னால் இழுத்தால் மூக்குச் சக்கரத்தின் பாரம் குறைந்து, பிரேக் உள்ள பிரதான சக்கரங்களின் மேல் எடை இறங்கும். செஸ்னா 152-இல் மூக்குச் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், காரணம் புரியும்.

தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னொரு சிக்கல். டயர் தண்ணீரைப் பிளந்துகொண்டு போக முடியாமல் அதன் மேலேயே மிதக்க ஆரம்பிக்கும். சமமான தரையில் தேங்கிய நீருக்கு ஒரு சூத்திரம் உண்டு. டயரின் காற்றழுத்தத்தை, சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று எடுத்து, அதன் வர்க்க மூலத்தை 9-ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் வரும். அழுத்தம் 25 பவுண்டு என்றால் 9 பெருக்கல் 5, அதாவது 45 நாட். சிறு விமானங்கள் தரையைத் தொடும் வேகமும் ஏறக்குறைய அதேதான்! பெரிய ஜெட் விமானங்களின் டயரில் அழுத்தம் மிக அதிகம் என்பதால் அவற்றுக்கு இந்த வேகம் நூறு நாட்டைத் தாண்டும்.

கூட்டல் இல்லை, பெருக்கல்!

பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானம் ஓட்டுபவர்களுக்காகப் பாதுகாப்புத் துண்டுப் பிரசுரங்களை வெளியிட்டு வந்திருக்கிறது. அவற்றில் ஏழாம் எண் பிரசுரம் விமானத்தின் செயல்திறன் பற்றியது. அதில், கையேட்டுத் தூரத்தை எந்த நிலைமைக்கு எத்தனையால் பெருக்க வேண்டும் என்று கொடுத்தார்கள். இறங்குவதற்கான எண்கள் இவை:

உலர்ந்த புல் என்றால் 1.15.
ஈரப் புல் என்றால் 1.35.
மிகக் குட்டையான ஈரப் புல் என்றால் 1.6 வரை.
100-க்கு 2 என்ற அளவில் கீழ்நோக்கிய சரிவு இருந்தால் 1.1.
இறங்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்று இருந்தால் 1.2.
இவை எல்லாம் போட்ட பிறகு, கடைசியாகப் பாதுகாப்புக்காக 1.43.

உலர்ந்த புல்லுக்குச் செஸ்னா கையேடு வேறு வழியில் சொல்கிறது. தரையில் ஓடும் தூரத்தில் 45 சதவீதத்தைக் கூட்டிக்கொள் என்கிறது. அப்படிச் செய்தால் 431 மீட்டர் வருகிறது. பிரசுரத்தின் 1.15-ஐப் போட்டால் 421 மீட்டர். இரண்டு வெவ்வேறு நாட்டுக்காரர்கள், இரண்டு வெவ்வேறு வழிகள், விடை ஏறக்குறைய ஒன்று. கணக்கில் நம்பிக்கை வருகிறதல்லவா?

இப்போது ஈரப் புல்லுக்கு வருவோம். 366-ஐ 1.35-ஆல் பெருக்கினால் 494 மீட்டர். பாதுகாப்புக் காரணியையும் போட்டால் 706 மீட்டர். குட்டையான ஈரப் புல் என்றால் 1.6 போட்டு 586 மீட்டர், பாதுகாப்போடு 837 மீட்டர்.

இத்தோடு கொஞ்சம் சரிவும் கொஞ்சம் பின்காற்றும் சேரட்டும். இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். 35 சதவீதம், 10 சதவீதம், 20 சதவீதம், மொத்தம் 65 சதவீதம் என்று கூட்டிவிடுவார்கள். தவறு! 1.35 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.2 என்றால் 1.78. அதாவது 78 சதவீதம் கூடுதல். தூரம் 652 மீட்டர். பாதுகாப்போடு 933 மீட்டர். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் சொன்ன பழமொழி இல்லை. 366 எங்கே, 933 எங்கே!

அந்த 1.43 எதற்கு?

1.43 என்ற எண் வானத்திலிருந்து குதித்ததல்ல. 1-ஐ 1.43-ஆல் வகுத்தால் 0.7. அதாவது இருக்கிற ஓடுதளத்தில் 70 சதவீதத்துக்குள் நின்றுவிட வேண்டும், 30 சதவீதம் கையிருப்பு என்று பொருள். பழைய பிரேக், தேய்ந்த டயர், கொஞ்சம் உயரமாக வந்த விமானம், அன்றைக்குச் சரியாகத் தூங்காத விமானி, இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒதுக்கிய இடம் அது.

எவ்வளவு சுலபமாக அந்தக் கையிருப்பு கரைகிறது என்று பாருங்கள். மூன்று டிகிரி சரிவில் இறங்கி வரும்போது 10 அடி உயரம் கூடுதலாக இருந்தால் தரையைத் தொடும் இடம் சுமார் 58 மீட்டர் தள்ளிப் போகும். 54 நாட்டுக்குப் பதில் 60 நாட்டில் வந்தால், வெறும் 6 நாட்தானே என்று தோன்றும். இயக்க ஆற்றலோ 23 சதவீதம் அதிகம். அந்தக் கூடுதல் வேகம் கரையும் வரை விமானம் தரைக்கு ஓரடி மேலே மிதந்துகொண்டே போகும். 54 நாட்டில் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணி முடிப்பதற்குள் 80 மீட்டருக்கு மேல் போயிருக்கும். காற்றும் அப்படித்தான். 5 நாட் எதிர்காற்றில் இறங்குபவரின் தரை வேகம் 49 நாட். அதே 5 நாட் பின்காற்றில் இறங்கினால் 59 நாட். ஆற்றல் வித்தியாசம் 45 சதவீதம்! ஓடுதளத்தின் ஓரத்தில் கம்பத்தில் தொங்கும் துணிப்பையை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்காததற்கு இவ்வளவு விலை.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்லும் விமானங்களுக்குத்தான் இந்தக் காரணி சட்டப்படி கட்டாயம். சொந்தமாகப் பறப்பவர்களுக்கு அதை வலுவான பரிந்துரையாகத்தான் அந்தப் பிரசுரம் சொன்னது. போடவில்லை என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. போட்டாலும் பாராட்ட ஆள் இல்லை. அந்த வயல் ஓரத்தில் விமானியும் அவர் மனசாட்சியும் மட்டும்தான்.

நல்ல விமானி என்ன செய்வார்?

கிளம்புவதற்கு முன்பே இறங்கும் இடத்துக்குப் போன் போடுவார். "நேத்து மழையா? புல்லு எவ்வளவு உயரம்? தரை இறுகி இருக்கா, சொதசொதன்னு இருக்கா?" என்று கேட்பார். சொந்த ஓடுதளம் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்ப்பார். பூட்ஸ் புதைகிற இடத்தில் சக்கரமும் புதையும். பனித்துளி என்றாலும் ஈரம்தான் என்று கணக்கில் சேர்ப்பார். பெருக்கலைப் பேப்பரில் போட்டுப் பார்ப்பார். விடை ஓடுதளத்தின் நீளத்தைவிட அதிகம் என்றால் வேறு இடத்துக்குப் போவார், அல்லது புல் காயும் வரை காத்திருப்பார். இறங்கிவிட்டால் மட்டும் போதாது, மறுபடி அதே ஈரப் புல்லிலிருந்து கிளம்பியாக வேண்டும் என்பதையும் நினைவில் வைப்பார். கிளம்புவதற்கும் ஈரப் புல்லுக்கு 1.3 என்று தனிப் பெருக்கல் உண்டு.

இறங்கும்போது சரியான வேகத்தில், சரியான உயரத்தில் வந்து, ஓடுதளத்தின் ஆரம்பத்திலேயே சக்கரத்தை வைப்பார். பூப்போல இறக்கிப் பயணியிடம் பாராட்டு வாங்குவது இங்கே நோக்கமல்ல. அழுத்தமாக இறங்கினால் எடை சீக்கிரம் சக்கரத்துக்கு வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் இடத்தை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வார். ஒரு மரம், ஒரு கொட்டகை, ஏதோ ஒன்று. 'அந்தக் கொட்டகைக்கு நேரே வருவதற்குள் சக்கரம் தரையில் இல்லையென்றால் முழு எஞ்சின் சக்தி கொடுத்து மறுபடி மேலே ஏறிவிடுவேன்' என்று மனதில் முடிவு செய்துகொள்வார். ஏன் முன்கூட்டியே? அந்த நேரத்தில் மூளை பேரம் பேசும். "இதோ தொட்டுடும், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும். வீட்டில் காத்திருக்கிறார்கள், இருட்டப் போகிறது, பெட்ரோல் குறைகிறது, பக்கத்தில் நண்பன் உட்கார்ந்திருக்கிறான், இரண்டாம் தடவை சுற்றி வந்தால் கிண்டல் செய்வான். இத்தனை குரல்களுக்கு நடுவே புதிதாக முடிவெடுக்க முடியாது. எடுத்து வைத்த முடிவை நிறைவேற்றத்தான் முடியும்.

அந்த இடத்தைத் தாண்டிப் பிரேக்கும் பிடித்தாயிற்று, நிற்காது என்று தெரிகிறது. அப்போது திடீரென்று மனம் மாறி எழும்ப முயல்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஈரப் புல்லில் வேகம் பிடிக்கவும் நேரமாகும். 50 நாட்டில் வேலியில் மோதுவதற்கும் 20 நாட்டில் மோதுவதற்கும் ஆற்றலில் 6 மடங்குக்கு மேல் வித்தியாசம். 20 நாட்டில் புரொப்பெல்லர் வளையும், இறக்கை நசுங்கும், ஆள் பெரும்பாலும் நடந்து வெளியே வருவார். 50 நாட்டில் அப்படிச் சொல்ல முடியாது.

பெரிய விமானத்துக்கும் அதே விதி

"இதெல்லாம் குட்டி விமானம், சின்ன வயல். பெரிய விமானத்துக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம். 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் விமானம் கோழிக்கோட்டில் மழையில் இறங்கியது. அங்கே புல் இல்லை, நல்ல ஓடுதளம்தான். ஆனால் தரை ஈரம், பின்காற்று, அதோடு சக்கரம் தரையைத் தொட்டபோது கிட்டத்தட்டப் பாதி ஓடுதளம் கடந்துவிட்டிருந்தது. முடிவில் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 உயிர்கள் போயின. இரு விமானிகளும் அதில் அடக்கம். இறங்க வேண்டாம், மேலே ஏறுங்கள் என்று துணை விமானி சொல்லியும் இறக்கம் தொடர்ந்தது என்று புலனாய்வு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. செஸ்னாவுக்கு நாம் போட்ட பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஈரம், பின்காற்று, தள்ளித் தொட்டது, மேலே ஏறாதது. எழுத்துக்கு எழுத்து அதே பட்டியல்!

நமக்கு என்ன?

நம்மில் எத்தனை பேர் விமானம் ஓட்டப் போகிறோம்? தெரியாது. ஆனால் நாம் அத்தனை பேரும் நாளை ஏதோ ஒரு ஒர்க்ஷாப்பில், சைட்டில், பாய்லர் பக்கத்தில், கிரேன் அடியில் நிற்கப் போகிறோம். மெஷின் டிசைனில் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' என்று ஓர் எண்ணைப் போட்டு, விடையை அடிக்கோடிட்டு, இரண்டு மார்க் வாங்கிக்கொண்டு போகிறோம். அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை. ஈரப் புல் கணக்கில் அந்த 1.43-ஐ எடுத்துவிட்டால் 212 மீட்டர் குறைகிறது. பேப்பரில் அது வெறும் கழித்தல். வயலில் அது ஒரு விமானியும் அவர் பக்கத்தில் நம்பி உட்கார்ந்திருக்கும் ஒருவரும்.

"இது வரைக்கும் ஒண்ணும் ஆகலியே சார்" என்று நாளைக்கு ஒரு சூப்பர்வைசர் உங்களிடம் சொல்லலாம். ஒன்பது தடவை உலர்ந்த புல்லில் நின்ற விமானம் பத்தாவது தடவை ஈரப் புல்லிலும் நிற்கும் என்று நம்புவது அதே பேச்சுதான். ஒன்பது தடவை நின்றது கையிருப்பைச் செலவழித்து என்பது நிற்காத அன்றைக்குத்தான் தெரியும்.

ஆகவே நண்பர்களே, கையேட்டில் ஓர் எண்ணைப் பார்த்தால் அதற்குக் கீழே உள்ள நிபந்தனைகளையும் படியுங்கள். நிபந்தனை மாறினால் பெருக்குங்கள், கூட்டாதீர்கள். கேட்க ஆள் இல்லாத இடத்திலும் பாதுகாப்புக் காரணியைப் போடுங்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும் என்பதை நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்து வையுங்கள்.

 தேர்வுகளிலும், அதற்குப் பிறகு வரும் ஈரமான ஓடுதளங்களிலும் பத்திரமாக இறங்க என் வாழ்த்துகள்!